‘ஸ்கேன் கிளியர்’ என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமா?

என் அத்தை மகன் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். போன வருடம் ஒரு நாள் காலையில், வெட்டிய மட்டை நினைத்த பக்கம் விழாமல் அவர் பக்கமே சாய்ந்தது. தலைக்கவசம் போட்டிருந்ததால் மண்டை தப்பியது. ஆனால் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு எத்தனை குலை ஆச்சு?" என்று ஒரே கேள்வியை நாலைந்து முறை கேட்டிருக்கிறார். கூட இருந்தவர்கள் பயந்துபோய் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஸ்கேன் கிளியர். ஒன்னும் இல்லையாம்" என்றார். சட்டைப் பையில் மலாயில் அச்சடித்த ஒரு சீட்டு மடித்து வைத்திருந்தது.

அன்று ராத்திரி அத்தை தூங்கவில்லை. அவரையும் தூங்க விடவில்லை. தலையில் அடிபட்டவன் தூங்கினால் எழுந்திருக்க மாட்டான் என்பது லயத்தில் வாழ்ந்த காலத்தில் அத்தை கற்ற பாடம். அரை மணிக்கு ஒரு தரம் தோளைத் தட்டி, "ஐயா, பேரைச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் கண் சிவக்க, தலைவலியோடு, மச்சான் மோட்டாரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். போகாவிட்டால் அன்றைய குலைக்காசு போச்சு. பத்து மணிக்குத் தலை சுற்றி, அடுக்கி வைத்த மட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சீட்டு அதற்குள் சட்டையோடு சேர்ந்து வாளியில் ஊறிக்கொண்டிருந்தது.

வாளியில் ஊறியதுதான் அவருடைய மருந்து. அவருக்கு வந்தது மூளையதிர்ச்சி. அதைக் குணப்படுத்த ஊசியோ மாத்திரையோ கிடையாது. அவசரப் பிரிவு செய்யக்கூடியது இரண்டே காரியம்: மூளைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்வது, அப்புறம் நோயாளியை வீட்டிலிருப்பவர்கள் கையில் சரியாக ஒப்படைப்பது. முதல் காரியத்துக்கு விதிகள் உண்டு, கருவிகள் உண்டு. இரண்டாவதுதான் பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதத்தோடு முடிந்துபோகிறது.

மூளையதிர்ச்சி என்றால் என்ன? மோட்டாரில் தௌ ஃபூ ஃபா என்ற கூழ் போன்ற சோயா இனிப்பை விற்றுக்கொண்டு வருகிறவர் சட்டென்று பிரேக் போட்டால் பாத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருப்பது குலுங்கிவிடும். மண்டையோட்டுக்குள் மூளையும் அப்படித்தான். குலுங்கும்போது நரம்புச் செல்களின் சவ்வு இழுபட்டு, உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே போகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே வருகிறது. இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர செல்கள் இரவு பகலாக வேலை செய்ய வேண்டும்; அதற்கு நிறைய குளுக்கோஸ் வேண்டும். அந்த நேரம் பார்த்து மூளைக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைந்துவிடுகிறது. செலவு கூடி வரவு குறைந்த வீடு மாதிரி. தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் பட்டால் எரிச்சல், சொன்னது மறப்பது, சின்ன விஷயத்துக்கும் கோபம் வருவது, எல்லாம் இந்தத் தட்டுப்பாட்டின் முகங்கள்தான். நினைவு தப்பினால்தான் மூளையதிர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். விளையாட்டில் வரும் மூளையதிர்ச்சிகளில் 10 சதவீதத்துக்கும் குறைவானவற்றில்தான் நினைவு தப்புகிறது.

சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவைக் காட்டும், ரத்தக்கசிவைக் காட்டும். செல்களுக்குள் நடக்கும் இந்த வரவு செலவுச் சிக்கலைக் காட்டாது. ஆகவே ‘ஸ்கேன் கிளியர்’ என்று மருத்துவர் சொல்வது, ரத்தக்கசிவு இல்லை, அறுவை சிகிச்சை வேண்டாம் என்பதைத்தான். கேட்கிறவர் காதில் அது ‘ஒன்னும் இல்லை’ என்று விழுகிறது. மச்சான் மறுநாளே மோட்டாரை எடுத்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் காதுக் கோளாறு.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் எமெர்ஜென்சி என்று சொன்னால் 1948 ஜூனில் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதற்குப் பின் வந்த கெடுபிடியும்தான் ஞாபகம் வரும். இளையவர்களுக்கு எமெர்ஜென்சி என்றால் ஆஸ்பத்திரியில் ‘கெச்செமாசான்’ பலகை தொங்கும் வாசல். ஒரு காலத்தில் தலையில் அடிபட்டால் முதலில் பார்த்தவர் தோட்டத்து டிரஸ்ஸர். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் ஒரு தனிச் சட்டமே வந்தது. இப்போது குடியுரிமை உள்ளவர் ஒரு ரிங்கிட் கட்டி அவசரப் பிரிவில் பதிந்துகொள்கிறார். அவசரத்துக்கு ஏற்ப சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் பார்த்து உட்காரவைக்கிறார்கள். பேசிக்கொண்டே நடந்து வருகிற மூளையதிர்ச்சிக்காரர் பார்வைக்குப் பச்சைதான். அதனால் முதல் சில நிமிடக் கேள்விகள் மிக முக்கியம்.

அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருப்பது கிளாஸ்கோ அளவுகோல். 1974இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் உருவாக்கியது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, மொத்தம் 15 புள்ளிகள். 13 முதல் 15 வரை இருந்தால் லேசான மூளைக்காயம் என்ற வகை. மூளையதிர்ச்சி அதில் அடங்கும். பேச்சில் குழப்பம் தெரிந்தால் 5க்குப் பதில் 4, மொத்தம் 14 ஆகிவிடும். இந்த ஒரு புள்ளிதான் ஸ்கேன் எடுப்பதா வேண்டாமா என்பதையே மாற்றக்கூடியது.

இங்கேதான் நம் தோட்டப்புறங்களுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. "இது எந்த இடம், என்ன மாதம்?" என்று மலாயில் கேட்டால், நல்ல நாளிலேயே திக்கித் திணறிப் பதில் சொல்லும் பாட்டிக்கு அந்த நேரத்தில் என்ன வரும்? குழப்பமே இல்லாத ஒருவருக்குக் குழப்பம் என்று புள்ளி குறையலாம். உண்மையிலேயே குழம்பியவரை ‘மொழி தெரியாதவர்’ என்று விட்டுவிடவும் செய்யலாம். இரண்டாவதுதான் ஆபத்து. வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து இப்போது தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் மோசம். கூடப் போகிறவர் மருத்துவ உதவியாளரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: "வழக்கமா இவர் இப்படிப் பேச மாட்டார்."

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாயில் சம்சு வாடை அடித்தால் "போதை தெளிஞ்சதும் சரியாயிடும்" என்று எல்லாருமே நினைத்துவிடுகிறோம், வீட்டுக்காரர்கள் உட்பட. குடித்தவர் கீழே விழுகிறார், விழுந்தவர் தலையில் அடிபடுகிறது, அடிபட்ட மயக்கத்தைப் போதை மறைத்துவிடுகிறது. குடித்தவருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவையே தவிர, குறைவானது அல்ல.

எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. கதிர்வீச்சு ஒரு காரணம். குழந்தைகளுக்கு அது பெரிய காரணம். தோட்டப்புறச் சிறு மருத்துவமனைகள் பலவற்றில் சி.டி. கருவி இல்லை, பெரிய ஊருக்கு ஆம்புலன்ஸில் அனுப்ப வேண்டும் என்பது இன்னொன்று. அதனால் யாருக்கு அவசியம் என்று பிரித்துச் சொல்லும் விதி தேவைப்பட்டது. கனடாவில் இயன் ஸ்டீல் குழுவினர் 2001இல் வெளியிட்டது மிகவும் புழக்கத்தில் இருக்கிறது. நினைவு தப்பியோ, மறதியோ குழப்பமோ வந்தவர்களில், அடிபட்டு 2 மணி நேரம் ஆகியும் 15 புள்ளிக்கு வராதவர், 2 முறையோ அதற்கு மேலோ வாந்தி எடுத்தவர், மண்டை எலும்பு முறிவுக்கு அறிகுறி உள்ளவர், 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் ஆகியோருக்கு ஸ்கேன் வேண்டும் என்கிறது அது. விபத்துக்கு முந்தைய அரை மணி நேரமோ கூடுதலாகவோ மறந்துபோனவரையும், 3 அடிக்கு மேலிருந்து விழுந்தவரையும், வாகனம் மோதிய பாதசாரியையும் அடுத்த வரிசையில் வைக்கிறது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்ட மச்சானுக்கு ஸ்கேன் எடுத்தது எதனால் என்று இப்போது புரியும்.

அந்த விதி 16 வயதுக்குக் கீழானவர்களுக்கும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொருந்தாது. குழந்தைகளுக்கு அமெரிக்காவில் 42,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2009இல் வகுத்த விதி தனியாக இருக்கிறது. பல பிள்ளைகளுக்கு உடனே ஸ்கேன் எடுக்காமல் சில மணி நேரம் வைத்துப் பார்ப்பதே போதும் என்று அது காட்டியது. "நாலு மணி நேரம் சும்மா உட்கார வச்சாங்க" என்று குறைப்படுகிறவர்கள் கவனிக்க: அந்தச் சும்மாதான் சிகிச்சை. மலேசிய சுகாதார அமைச்சும் பெரியவர்களின் தலைக்காயத்துக்கு 2015இல் தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை விஷயத்தை மட்டும் யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். தாத்தா ‘உபாட் சாயிர் டாரா’ சாப்பிடுகிறார் என்றால், அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து லேசாக இடித்துக்கொண்டதும் லேசானது இல்லை.

சரி, வீட்டுக்கு அனுப்புகிற கட்டத்துக்கு வருவோம். மலிவான வேலைதான் இது. ஆனாலும் எங்குமே சரியாக நடப்பதில்லை. அமெரிக்காவின் 11 பெரிய விபத்து மருத்துவமனைகளில் லேசான மூளைக்காயத்தோடு வந்த 831 பேரைத் தொடர்ந்து கவனித்து 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வீட்டுக்குப் போகும்போது காயம் பற்றிய விளக்கக் காகிதம் கிடைத்தது 42 சதவீதம் பேருக்குத்தான். 3 மாதத்துக்குள் மறுபடி ஒரு மருத்துவரைப் பார்த்தவர்கள் 44 சதவீதம். இது வசதி மிக்க ஆஸ்பத்திரிகளின் கதை.

காகிதம் கிடைத்தால் பலன் உண்டா? உண்டு. 2002இல் ஆஸ்திரேலியாவில் 202 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அடிபட்ட ஒரு வாரத்துக்குள் சந்தித்து, என்னென்ன தொந்தரவு வரும், எப்படிச் சமாளிப்பது என்று கையேடு கொடுத்து விளக்கப்பட்டவர்களுக்கு, 3 மாதம் கழித்துத் தொந்தரவுகள் குறைவாக இருந்தன, மனக்கவலையும் குறைவு. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. ஒரு வாரம் ஆகியும் தலை வலித்தால், ‘இது வழக்கம்தான், குறையும்’ என்று தெரிந்தவரின் தலைவலியும், ‘மூளையில் ஏதோ ஆகிவிட்டது’ என்று பயப்படுகிறவரின் தலைவலியும் ஒன்றாக இருக்க முடியாது.

ஆனால் யாரிடம் விளக்குவது? மச்சானிடம்தான் விளக்கியிருக்கிறார்கள். பொறுமையாகவே சொன்னார்களாம். அவருக்கு ஒரு வார்த்தை நினைவில்லை. புதியதை நினைவில் பதியவைக்க முடியாததுதான் அவருடைய நோயே. அவரிடமே பத்து அறிவுரை சொல்லிச் சீட்டைக் கொடுத்தால், ஓட்டை வாளியில் தண்ணீர் பிடித்த மாதிரிதான். சொல்ல வேண்டியது அன்றிரவு அவர் பக்கத்தில் இருக்கப்போகிறவரிடம். அத்தை அப்போது ஆஸ்பத்திரியில் இல்லை. அவருக்கு மலாய் வாசிக்கவும் வராது. போன் அடித்து, தமிழ் தெரிந்த ஒரு தாதியை விட்டு இரண்டு நிமிடம் பேசச் சொல்லியிருந்தால் அன்று நடந்தது வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த ஆஸ்பத்திரியை நான் குறை சொல்ல வரவில்லை. அன்று அங்கே எவ்வளவு கூட்டம் என்று எனக்குத் தெரியாது. கூடப் போனவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அத்தைக்குச் சொல்லியிருக்க வேண்டியதில் முதலாவது, தூக்கம். மருத்துவர் பார்த்து, பாதுகாப்பு என்று சொல்லி அனுப்பிய பிறகு தூங்கலாம். தூக்கம் மூளைக்கு நல்லது. முதல் ராத்திரி ஓரிரு முறை எழுப்பிப் பார்க்கச் சொல்லி மருத்துவர் சொல்லியிருந்தால் அதைச் செய்யுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் எழுப்பினால் தலைவலிதான் கூடும். தூங்கவிடாதே என்ற பயம் வெறும் மூடநம்பிக்கை இல்லை, அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பு உடைந்து அதனடியில் ஓடும் தமனி கிழிந்தால், அடிபட்டவர் சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் மயக்கத்தில் மூழ்குவார். லயத்து வீட்டில் அதைத் தூக்கம் என்று நினைத்து விட்டிருப்பார்கள். காலையில் எழுப்பியிருக்க முடியாது. ஸ்கேன் இல்லாத காலத்தில் விழித்திருக்கவைப்பது ஒன்றுதான் வழி. அத்தையின் பாடம் அந்தக் காலத்துக்குச் சரியான பாடம்.

இரண்டாவது, எப்போது திரும்பிப் போவது. முதல் 24 மணி நேரம் தனியாக விடாமல் கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, எழுப்ப எழுப்ப முழிக்காமல் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கையோ காலோ வலுவிழந்தாலோ, கண்மணிகளில் ஒன்று பெரிதாகத் தெரிந்தாலோ, மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீர் வந்தாலோ, ஆளையே அடையாளம் தெரியாமல் பேசினாலோ, கிளினிக்குக்குப் போய் நேரத்தைக் கடத்தாமல் 999. வயதானவர்களுக்கு இந்தக் கணக்கு 24 மணி நேரத்தோடு முடிவதில்லை. மெல்லக் கசியும் ரத்தம் வாரங்கள் கழித்துக்கூடத் தெரியவரும். போன மாதம் விழுந்த தாத்தா இந்த மாதம் தடுமாறி நடந்தால், வயசாயிடுச்சு என்று சொல்லிவிடாதீர்கள்.

வலிக்குப் பனடோல் (பாரசிட்டமால்) போதும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் வகைகளை முதல் ஓரிரு நாள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். கோடாரித் தைலம் நெற்றியில் தடவினால் கெடுதல் ஒன்றும் இல்லை. தலையை நீவி அமுக்குவது வேண்டாம். சுற்றிப் போடுவது அவரவர் விருப்பம், ஆனால் மிளகாய்ப் புகையில் இருமி இருமித் தலைவலி கூடியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு விஷயத்தில் மருத்துவமே தன் மனத்தை மாற்றிக்கொண்டது. முன்பெல்லாம் இருட்டறையில் படுக்கவைத்து, வலி முழுக்கப் போகும்வரை அசையாதே என்பார்கள். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அவசரப் பிரிவுக்கு வந்த 11 முதல் 22 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு 5 நாள் கண்டிப்பான ஓய்வும், மற்றவர்களுக்கு ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் படிப்படியாக வழக்கத்துக்குத் திரும்பவும் சொன்னார்கள். 5 நாள் படுத்தவர்களுக்குத்தான் தொந்தரவு அதிகம். இப்போது சொல்வது இது: முதல் 2 நாள் உடம்பையும் மூளையையும் அதிகம் படுத்தாமல் இருங்கள், ஆனால் வீட்டுக்குள் நடங்கள், வாசலில் உலாவுங்கள். அதற்குப் பிறகு தொந்தரவு கூடாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கைத்தொலைபேசிக்கும் கணக்கு உண்டு. 12 முதல் 25 வயதுள்ள 125 பேரை வைத்து 2021இல் வந்த ஆய்வில், முதல் 48 மணி நேரம் திரையை ஒதுக்கியவர்களில் பாதிப் பேர் மூன்றரை நாளில் தேறிவிட்டார்கள். திரை பார்த்தவர்களில் பாதிப் பேர் தேற 8 நாள் ஆனது. வீட்டில் பிள்ளை இருந்தால் இந்த ஒரு தகவலைச் சீட்டிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டலாம். பந்து விளையாடும் பிள்ளைக்கு வரிசை இதுதான்: முதலில் பள்ளிக்கூடம், அப்புறம்தான் திடல். விளையாட்டுக்குத் திரும்ப 6 படிகள் சொல்கிறார்கள். அதில் மோதி விளையாடுவது கடைசிக்கு முந்தியது, அதுவும் மருத்துவர் அனுமதித்த பிறகுதான். முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்; அரிதானது, ஆனால் இளையவர்களுக்குத்தான் அது வருகிறது.

பெரும்பாலான பெரியவர்கள் இரண்டு வாரம் போல, பிள்ளைகள் நான்கு வாரம் போலத் தேறிவிடுகிறார்கள். தேறுமுன் மோட்டார் ஓட்டக்கூடாது, உயரம் ஏறக்கூடாது. குலை வெட்டுகிறவருக்கு இன்னொன்றும் உண்டு: கழுத்தை அண்ணாந்து, நீண்ட கம்பின் நுனியில் இருக்கும் கத்தியைப் பார்த்துக்கொண்டே காலடியையும் கவனிக்க வேண்டிய வேலை அது. தலை சுற்றுகிறவர் செய்யவே கூடாத வேலை என்று ஒரு பட்டியல் போட்டால் முதலில் இதைத்தான் எழுதுவேன். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும் இவருக்கும் ஒரே இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மருத்துவர் என்ன வேலை என்று கேட்காவிட்டால் நாமாகச் சொல்ல வேண்டும். "தோட்ட வேலை" என்று பொதுவாகச் சொன்னால் புல் வெட்டுவது என்று நினைத்துக்கொள்வார்கள்; குலை வெட்டுகிறேன், மோட்டாரில் போகிறேன் என்று விளக்கமாகச் சொல்லுங்கள்.

காசு விஷயம் தெரியாமல் இந்த அறிவுரை எதுவும் வேலை செய்யாது. வேலைச் சட்டப்படி, மருத்துவமனையில் படுக்காத நோய்க்கு, 2 வருடத்துக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 வருடம் வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. வேலையில் நடந்த விபத்து என்றால், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்ததும் சேர்த்து, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவின் பொறுப்பு. விபத்து நடந்த நாளையும் கணக்கில் வைத்துக் குறைந்தது 4 நாள் வேலை செய்ய முடியாது என்று எம்.சி. இருந்தால், சராசரி தினச் சம்பளக் கணக்கில் 80 சதவீதம் தற்காலிக இயலாமைத் தொகையாகக் கிடைக்கும். 2 நாள் எம்.சி.க்கு அது கிடைக்காது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிட்டார்கள். விபத்து பற்றித் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கெசோவுக்கு அறிவிக்க வேண்டும். அதற்குத் தோட்டத்துக் கணக்கரான கிராணிக்கு உடனே தகவல் போயிருக்க வேண்டும்.

மச்சானைத் தோட்டத்திலிருந்து நேராக மறுபடி ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனோம். இந்தத் தடவை அத்தையும் வந்தார். மருத்துவர் பரிசோதித்துவிட்டுப் புதிதாக ரத்தக்கசிவு அறிகுறி இல்லை என்றார், என்ன வேலை என்று கேட்டார், ஒரு வாரம் எம்.சி. எழுதினார். இன்னொரு சீட்டும் கொடுத்தார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, அத்தை தன் கைப்பையிலிருந்த பழைய தினசரித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். தூங்கலாம் என்ற வரி வந்தபோது மட்டும் பேனாவை நிறுத்திவிட்டு, "நெசமாவா?" என்று கேட்டார். உள்ளே போய்த் தாதியிடம் கேட்டு வந்த பிறகுதான் எழுதினார்.